பேத்திக்குப் போட்ட அறுகோண வேலி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறைந்திருந்தாலும், குழந்தையைத் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னது தங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றும் சேர்த்து நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். வேகமாக நடந்தால் என் மனைவிக்கு மூச்சு வாங்குவதும் என் முழங்காலும் மட்டும் வழக்கம்போல. போனில் பேசாமல் ஏன் இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போன் அலமாரி மேல் இருக்கிறது, நான் அலமாரிக்குப் போக முடியாத நிலையில் இருக்கிறேன். அது என்ன நிலை என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் புரியும்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். என் மகள் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். பகலில் பேத்தியை யார் வீட்டில் விடுவது என்ற பேச்சு வந்தபோது, நாம் இருவரும் "உங்க வீட்லயே இருக்கட்டும், அதுல என்ன" என்று போட்டி போட்டுக்கொண்டு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தோம். மறுநாளே இருவரும் தனித்தனியாக அவளுக்குப் போன் போட்டு, "எங்க வீட்லதான் விடணும்" என்று சொன்னதாக அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் போன் போட்டதை அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள், தாங்கள் போட்டதை என்னிடம் சொல்லிவிட்டாள், ஆகவே அந்தக் கணக்கு சரியாகிவிட்டது. கடைசியில் அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள். "குழந்தை வீடெல்லாம் தவழுறா. கையில கிடைச்சதெல்லாம் வாய்க்குள்ள போகுது. யார் வீட்டு ஹால்ல பாதுகாப்பா ஒரு வேலி இருக்கோ அங்கதான் விடுவேன். சனிக்கிழமை ரெண்டு வீட்டுக்கும் வந்து பார்ப்பேன்" என்றாள். இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

தங்கள் வீட்டில் சதுரமாக ஒரு வேலி ஏற்கெனவே போட்டாயிற்று என்றும், ஒரு பக்கம் நாலரை அடி என்றும் மாப்பிள்ளை சொன்னார். வாழ்த்துக்கள். ஆனால் எனக்குச் சதுரம் போட வழியில்லை. என் மகள் குழந்தைக்கு வாங்கிக்கொடுத்திருக்கும் மெத்தென்ற விரிப்பு அறுகோணம். பூப்போட்ட, ஆறு பக்கமும் ஒரே அளவான விரிப்பு. அதைச் சுற்றித்தான் வேலி வர வேண்டும். ஒரு பக்கம் மூன்றடி என்று நாடா வைத்துப் பார்த்துவிட்டேன். மொத்தம் எத்தனை அடி வேலி வேண்டும் என்று கேட்டதற்குத் தாங்கள் மாப்பிள்ளை மூலம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினீர்கள்: "ஒழுங்கு பலகோணத்தின் சுற்றளவு காண, ஒரு பக்கத்தின் நீளத்தைப் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கவும்." முத்து முத்தான கையெழுத்து. இத்தனை வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் எழுதியது, தப்பாக இருக்காது. ஆனால் பக்கங்களின் எண்ணிக்கையை எப்படி எண்ணுவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. என் புகாரே அதுதான் சம்பந்தி. இப்போது இங்கே நடந்திருக்கும் அத்தனைக்கும் தாங்கள் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் காரணம்.

நான் என் வழக்கப்படி எண்ணினேன். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணிப் பழக்கமில்லை. விரிப்பின் ஒரு மூலையில் நின்று, அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு மூலையாக எண்ணிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். ஏழு வந்தது. அறுகோணத்துக்கு எப்படி ஏழு என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் விரிப்பை விற்ற கடைக்காரர் அறுகோணம் என்று மகளிடம் சொன்னாரே தவிர, அவர் எண்ணிப் பார்த்தாரா? மறுபடி நடந்தேன், மறுபடியும் ஏழு. ஏழு முறை மூன்று, இருபத்தோரு அடி என்று எழுதிக்கொண்டேன்.

என் மனைவி தையல் நாடாவை எடுத்து விரிப்பைச் சுற்றி வைத்து அளந்துவிட்டு, "பதினெட்டு அடிங்க" என்றாள். நாடா பழசு, இழுத்து இழுத்து நீண்டிருக்கும், அதனால்தான் குறைத்துக் காட்டுகிறது என்றேன். அவள், "அதே நாடாலதான நீங்க மூணடின்னு அளந்தீங்க?" என்று கேட்டாள். வீட்டில் அமைதி முக்கியம் என்பதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மரச்சட்டம் என் பொறுப்பு, என் எண்ணிக்கைப்படி ஏழு. குழந்தை மோதிக்கொள்ளாமல் இருக்க மேல்விளிம்பில் சுற்றிவர மாட்டும் பஞ்சுப்பட்டை அவள் பொறுப்பு, அவள் அளவுப்படி பதினெட்டு அடி. இரண்டு பேரும் அவரவர் வேலையை மிகச் சரியாகச் செய்தோம் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

தச்சர் நேற்று சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், இடுப்பு உயரம், வழவழவென்று இழைத்த மரம், நடுவில் வரிசையாக மரக்கம்பிகள். "விரிப்பு ஆறு பக்கம் மாதிரி இருக்கே சார், ஏழு எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் நடந்து காட்டினேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொன்னா சரி சார்" என்று கிளம்பிவிட்டார். இன்று காலை மாட்டுகிற வேலைக்கு என்னோடு நெடுங்காலம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவரை வரச்சொல்லியிருந்தேன். அவரிடம் பேட்டரியில் சுற்றும் திருப்புளி இருக்கிறது. நான் விசில் கொடுக்காமல் வண்டியை ஒரு அடி நகர்த்தாத மனிதர், இன்றைக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடுக்கினார்.

ஏழு சட்டத்தையும் கீல் போட்டு வட்டமாக வளைத்து நிறுத்தினோம். நின்றது. அழகாகத்தான் நின்றது. ஆனால் விரிப்போடு ஒட்டவில்லை. ஒரு இடத்தில் வேலிக்கும் விரிப்புக்கும் நடுவில் விரல் போகிறது, இன்னொரு இடத்தில் கையே போகிறது, குழந்தையின் கால் தாராளமாகப் போகும். என் மனைவி பஞ்சுப்பட்டையை வளையமாகவே தைத்து வைத்திருந்தாள். அதை மேலே மாட்டப் போனால் ஆறு சட்டத்துக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. நானும் டிரைவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். தையல் பிரியும் சத்தம் கேட்டு அவள் சமையலறையிலிருந்து வந்தாள். ஏழாவது சட்டத்துக்குப் பட்டை இல்லாவிட்டால் என்ன, அந்தப் பக்கம் போகாதே என்று குழந்தைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"அண்ணே, ஒரு ஸ்டாப் கூடுதலா இருக்கு" என்றார் டிரைவர். சரி, நீங்களே எண்ணிப் பாருங்கள் என்று அவரை நடக்கவிட்டேன். அவருக்கும் ஏழுதான் வந்தது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. சாட்சியே கிடைத்துவிட்டது. அப்போது என் மனைவி விரிப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கரண்டியை வைத்துவிட்டு, "இப்ப எண்ணுங்க" என்றாள். இருவரும் சேர்ந்து நடந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, புறப்பட்ட கரண்டிக்கு வந்ததும் ஏழு.

"அந்தக் கரண்டியத்தான் முதல்லயே எண்ணிட்டீங்களே" என்றாள்.

"முதல்ல எண்ணினது புறப்பாடு. இது வந்து சேர்றது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றேன். டிரைவரும், "ஆமாங்க, புறப்பாடு வேற, சேர்றது வேற" என்றார்.

தாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர், ஆகவே இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வண்டி ஊரைச் சுற்றி வரும் வட்டப்பாதை வண்டி. புறப்படும் இடத்துக்கே திரும்பி வரும். இடம் ஒன்றுதான், ஆனால் காலையில் அங்கே ஏறினவர்கள் வேறு, சுற்றி வந்து அங்கே இறங்குகிறவர்கள் வேறு. அதனால் அதை இரண்டு நிறுத்தமாகத்தான் எழுதுவோம். எழுதாவிட்டால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி எண்ணியவனைப் பார்த்து, திடீரென்று ஒரு விரிப்பைக் காட்டி மாற்றி எண்ணு என்றால் எப்படி? என் மனைவி அதற்கெல்லாம் அசரவில்லை. குனிந்து கரண்டிகளைப் பொறுக்கி என் கையில் மொத்தமாகத் திணித்து, "எண்ணுங்க" என்றாள். ஆறு இருந்தது. கீழே விழுந்திருக்குமோ என்று தேடினேன், விழவில்லை. தரையில் இருக்கும்போது ஏழாக இருந்த கரண்டி கையில் வந்ததும் ஆறாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, இந்த நிமிஷம்வரை எனக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் கரண்டி என் கையில் இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

அப்போதும் சட்டத்தை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. பஞ்சுப்பட்டை பதினெட்டு அடி, சட்டம் ஏழு. சுற்றளவைப் பதினெட்டாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டால் இரண்டு பேர் மானமும் தப்பும் என்று நினைத்து, தாங்கள் சொன்ன பெருக்கலைத் திருப்பிப் போட்டு, பதினெட்டை ஏழால் வகுக்க உட்கார்ந்தேன். இரண்டு வந்தது, பிறகு புள்ளி, பிறகு ஐந்து, ஏழு, ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, சரி முடிந்தது என்று பார்த்தால் மறுபடி ஐந்து, ஏழு, ஒன்று. போன எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கள் வண்டி மாதிரியே அதுவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தச்சருக்குப் போன் போட்டு இரண்டடி ஐந்து ஏழு ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். "எங்க நிக்கும்னு சொல்லுங்க சார், அங்க வெட்டுறேன்" என்று வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மாமா, ஒரு சட்டத்தக் கழட்டிடுங்க, ஆறோட நிறுத்துங்க, மூவாறு பதினெட்டு, சரியாப் போச்சு" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "உங்களுதும் பதினெட்டு, அப்பா போட்ட சதுரமும் நாலரை பெருக்கல் நாலு பதினெட்டு. ரெண்டு வீட்டுலயும் சுற்றளவு ஒண்ணுதான்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அப்படியானால் இரண்டு வீட்டிலும் இடம் ஒன்றுதானா என்று பதறினேன். இல்லையாம். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இடம் அறுகோணத்தில்தான் அதிகமாம். பக்கம் கூடக்கூட மூலையும் மழுங்குமாம், பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் மூலையே காணாமல் போய் வட்டமாகிவிடுமாம். மூலை அதிகமானால் மூலை இல்லாமல் போகும் என்பது என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதைத் தாங்கள் தயவுசெய்து மகளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்: அதே பதினெட்டடி வேலியில் எங்கள் வீட்டில் குழந்தைக்கு இடம் அதிகம், மூலையும் மழுங்கல். இது தங்கள் மகனே சொன்னது.

ஆகவே ஒரு சட்டத்தைக் கழற்றிவிட்டு ஆறை நிறுத்தினோம். விரிப்போடு கச்சிதமாக ஒட்டியது. பஞ்சுப்பட்டை தானாகப் போய் உட்கார்ந்தது. குழந்தை பிடித்துத் தள்ளினால் சாயக் கூடாது என்று ஒவ்வொரு சட்டத்தின் அடியையும் விரிப்புக்கு அடியில் தச்சர் போட்டுக்கொடுத்திருந்த பலகையோடு சேர்த்து முடுக்கச் சொன்னேன். டிரைவர் வெளியே இருந்து முடுக்க, நான் உள்ளே நின்று அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைசித் திருகாணியோடு பேட்டரியும் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏழாவது சட்டத்தைப் பார்த்தேன். அதில்தான் தச்சர் கதவு வைத்திருந்தார்.

ஆமாம் சம்பந்தி, நான் உள்ளேதான் இருக்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய திருப்புளி இந்தத் திருகாணிக்குப் பொருந்தவில்லை. டிரைவர் பேட்டரியைச் சார்ஜ் போடத் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார். காலைத் தூக்கித் தாண்ட என் முழங்கால் இடம் கொடுக்காது. என் மனைவி ஒரு நாற்காலியையும் தேநீரையும் கொடுத்துவிட்டு, "நல்லதாப் போச்சு, கொஞ்ச நேரம் ஒரே இடத்துல இருங்க" என்று பிரிந்த தையலைப் போட உட்கார்ந்துவிட்டாள். கணக்குப் போட வைத்திருந்த காகிதமும் பேனாவும் கையில் இருந்ததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். தங்களுக்குப் பக்கத்து வீட்டில் ட்யூஷன் பிள்ளைகள் இருக்கிறார்கள், புத்தகம் இருக்கிறது, மாலையில் பேச நண்பர்கள் இருக்கிறார்கள். நான் காலையிலிருந்து ராத்திரி வரை கூட்டத்தில் நின்றே வாழ்ந்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் சுவர்க் கடிகாரமும் நாங்கள் இரண்டு பேரும்தான். பேத்தி வந்துவிட்டுப் போன மறுநாள் என் மனைவி சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். குழந்தை எங்களிடம் இருக்கட்டும் சம்பந்தி. எங்கள் வேலி பத்திரமானது, ஒரு பெரிய மனிதனே வெளியே வர முடியவில்லை என்பதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தாங்கள் சதுரத்தைப் பிரித்து வைத்துவிட்டு, என் மகளிடம் எங்கள் வீட்டுக்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். தங்கள் முதுகு சீக்கிரம் குணமாக வேண்டும், ஆனால் திங்கட்கிழமைக்கு முன்பாக அவசரப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
வேலிக்குள்ளிருந்து,
தங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் குழந்தையோடு வந்துவிட்டாள். உள்ளே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழந்தையை வேலிக்கு வெளியே தரையில் விட்டாள். அது நேரே என்னிடம் தவழ்ந்து வந்து, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றது. இதுவரை நின்றதே இல்லை. நின்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பஞ்சுப்பட்டைக்கு எட்டாத கையை எட்டி எட்டிப் போட்டு, கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு நடந்தது சம்பந்தி! நானும் உள்ளேயே அதன் கூடவே நகர்ந்தேன். பிறகு கம்பியையும் விட்டுவிட்டு, கையை விரித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் தத்தித் தத்தி நாலடி போய் தொப்பென்று விழுந்து, அழாமல் எழுந்து மறுபடி தத்தி ஓடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெளியே போய்த் தூக்கவும் முடியவில்லை. மகள், "இனிமே இவளுக்கு எதுக்குப்பா வேலி? பின்னாடியே ஓட ஆள் வேணும். உங்க முழங்காலும் அவங்க முதுகும் தனித்தனியா இருந்தா நடக்காது. நாலு பேரும் ஒரு வீட்ல இருந்து பாத்துக்குங்க" என்று முடித்துவிட்டாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் சரி. தங்கள் சதுரத்தைப் பிரித்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. திங்கட்கிழமை காலையில் தாங்கள் இங்கே வந்துவிடுங்கள், வரும்போது சம்பந்தியம்மாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். நம் நாலு பேரில் ஓடக்கூடியவர் அவர் ஒருவர்தான்.